பறவைத் தீனிக் கடையும் அங்கே இலவசமாகத் தரப்படும் ஒரு தாளும்

கோவை உக்கடம் பக்கம் ஒரு சந்தின் முனையில், பறவைகளை விற்காமல் அவற்றுக்கான தீனியை மட்டும் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. இரண்டு காக்டெய்ல்களும் (கொண்டையுள்ள சிறு கிளி வகை), நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லப்படும் ஐந்து பட்ஜரிகர் கிளிகளும் வளர்க்கும் நான் ஆறு மாதமாக அங்கேதான் தினையும் கம்பும் வாங்கி வருகிறேன். குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. தீனியின் தரத்தைச் சொல்வதற்கு முன், அந்தக் கடையில் காசு வாங்காமல் கொடுக்கப்படும் பொருள் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதன்முறை வரும் ஒவ்வொருவருக்கும் கடைக்காரர், 'வீட்டுச் சாப்பாட்டில் பறவைக்குக் கொடுக்கக் கூடாதவை' என்ற தலைப்பில் தாமே எழுதி நகலெடுத்து வைத்திருக்கும் ஒரு தாளைத் தீனிப் பையோடு சேர்த்துத் தருகிறார். பத்துப் பொருள்கள் கொண்ட அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இப்படி ஒரு தாள் எதற்கு என்று கேட்பவர்கள், சமையலறைத் தராசில் நான்கு பத்து ரூபாய் நாணயங்களை வைத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 31 கிராம் காட்டும். ஒரு லவ் பேர்டின் எடை அதைவிடச் சற்றே கூடுதல். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரோடு ஒப்பிட்டால் அது 1,400-இல் ஒரு பங்குதான். நாம் 'ஒரு துணுக்குத்தானே' என்று கம்பி இடுக்கில் நீட்டும் மிக்சரோ முறுக்கோ அந்த உடலுக்கு ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டதற்குச் சமமாகிவிடுகிறது. அதில் இருக்கும் உப்பை வெளியேற்ற அந்தச் சிறிய சிறுநீரகங்களால் முடிவதில்லை. காராபூந்தியைக் கொத்திய என் காக்டெய்ல் ஒன்று அன்று மாலை முழுவதும் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான், அந்தத் தாளை மறுபடி எடுத்து ஒழுங்காகப் படித்தேன்.

பட்டியலில் முதலிடம் பட்டர் ஃப்ரூட்டுக்கு. இதை முதலில் வைத்ததற்காகவே கடைக்காரரைப் பாராட்ட வேண்டும். கொடைக்கானல் கீழ்மலையிலிருந்தும் நீலகிரிச் சரிவுகளிலிருந்தும் வரும் இந்தப் பழம் இப்போது நம் ஊரின் ஒவ்வொரு ஜூஸ் கடையிலும் இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று பெயர் வாங்கிய பழம் என்பதால், பறவைக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எவரும் எளிதில் நம்பிவிடுவார்கள். அதிலுள்ள பெர்சின் என்ற நச்சு பறவையின் இதயத் தசையைச் சிதைக்கிறது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, மூச்சு முட்டி, பறவை இறந்துபோகிறது. லவ் பேர்ட்ஸை வைத்து நடத்தப்பட்ட சோதனையில், ஒரு கிராம் பழம் கொடுத்தபோதே அவை நிலைகொள்ளாமல் தம் இறகுகளைத் தாமே பிடுங்கத் தொடங்கின, 8.7 கிராம் கொடுத்த பறவைகள் 48 மணி நேரத்துக்குள் இறந்தன. 8.7 கிராம் என்பது இரண்டு தேக்கரண்டி அளவுகூட இல்லை. இந்த நச்சுக்கு முறிவு மருந்தும் கிடையாது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார், பட்டர் ஃப்ரூட் ஜூஸ் குடித்த கரண்டியை அன்போடு கூண்டுக்குள் நீட்டப் போனதை நல்ல வேளையாகப் பார்த்துவிட்டேன். பட்டர் ஃப்ரூட் என்ற பெயரைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததால், நான் வாய் திறக்காமல் தாளைக் காட்டியே அவரைத் தடுக்க முடிந்தது. வந்தவரிடம் 'கொடுக்காதீர்கள்' என்று சொல்லி மனத்தாங்கல் வாங்கிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

சாக்லேட், காபி, டீ மூன்றையும் தாள் ஒரே வரியில் சேர்த்திருக்கிறது. அது சரியே, சாக்லேட்டிலுள்ள தியோபுரோமினும் காபி, டீயிலுள்ள கஃபீனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டுமே ஏற்கெனவே வேகமாகத் துடிக்கும் சிறிய இதயத்தை மேலும் விரட்டுபவை. டீயில் நனைத்த பிரெட்டைக் கிளிக்கு ஊட்டும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருப்பதால், இந்த வரியை இன்னும் விளக்கியிருக்கலாம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்குகின்றன; வேகவைத்தாலும் அந்தத் தன்மை போவதில்லை என்பதால் சாம்பார் சாதமும் தடைக்குள் வந்துவிடுகிறது. ஆப்பிளின் சதையைக் கொடுக்கலாம், விதையை நீக்கிவிட வேண்டும் என்பதும் சரி. நசுக்கப்படும்போது சயனைடை வெளியிடும் பொருள் அந்த விதைக்குள் இருக்கிறது. மது, ஊறுகாய் இரண்டையும் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமையாகக் காயவைக்கக் கூடாது என்பது உணவைப் பற்றியது அல்ல என்றாலும், அதையும் கடைசி வரியாகச் சேர்த்திருப்பது அவருடைய அனுபவத்தைக் காட்டுகிறது. 260 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறும் அந்தப் பூச்சிலிருந்து எழும் வாயு, நமக்குத் தெரிவதற்கு முன்பே பக்கத்து அறைப் பறவையைக் கொன்றுவிடக்கூடும்.

இனித் தாளின் பிழைகளுக்கு வருகிறேன். பாலை விஷம் என்று எழுதியிருக்கிறார். பாலும் பழமும் கொடுத்து வளர்த்த கிளி என்று பேசிப் பழகிய நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லாததால் வயிற்றுப்போக்கு வரலாம், ஆகவே தவிர்ப்பது நல்லது. பட்டர் ஃப்ரூட்டோடு ஒரே வரிசையில் நிறுத்தும் அளவுக்கு அது நச்சு அல்ல. மிளகாயைச் சேர்த்திருப்பதோ முழுப் பிழை. மிளகாயின் காரப்பொருள் நம் நாக்கில் தூண்டும் நரம்பு வாயில், பறவைகளிடம் அந்தக் காரத்துக்குத் திறப்பதே இல்லை. கோவைப்பழத்தைக் கொத்துவது போலவே பழுத்த மிளகாயையும் கிளி கொத்தித் தின்னும். என் காக்டெய்ல்கள் பச்சை மிளகாயின் விதைகளைத்தான் முதலில் தேடுகின்றன. உப்பில் ஊறிய மோர் மிளகாய்க்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது.

ஆனால் தாளில் இருக்கும் பிழையைவிட இல்லாத ஒரு சொல்தான் என்னை உறுத்தியது. அது நிலக்கடலை. கடையின் வாசலிலேயே ஒரு சாக்கு நிறைய உரித்த கடலையை வைத்து, பெரிய கிளிகளுக்கு என்று சில்லறையாக விற்கிறார். ஐப்பசி மழை நாளொன்றில் அந்தச் சாக்குக்குள் கைவிட்டபோது பருப்பு சற்று நமத்திருந்தது. பழைய பாய் மூலையில் வீசும் வாடை அடித்தது. ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து பார்த்தேன். நடுப்பள்ளத்தில் சாம்பலும் பச்சையும் கலந்த பொடி ஒட்டியிருந்தது.

"பாய், இதை ஒரு தடவை மோந்து பாருங்க."

அவர் இன்னொரு பருப்பை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் பிளந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மழைக்கு அப்படித்தானுங்கம்மா ஆகும். வெயில்ல போட்டா சரியாப் போயிருங்க."

சரியாகப் போவதில்லை. ஈரம் பட்ட கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின், பூஞ்சை காய்ந்து உதிர்ந்த பிறகும் பருப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வறுத்தாலும் முழுவதும் அழிவதில்லை. இந்த நச்சை உலகம் கண்டுகொண்டதே பறவைகளின் சாவால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீனியில் போய் அது முடிந்தது. பறவையின் ஈரலை இது நாள்கணக்கில் அரிப்பதால், இறந்தபின் அதைக் கடலையோடு தொடர்புபடுத்தி எவரும் கேட்டு வருவதில்லை. பட்டர் ஃப்ரூட்டைப் பற்றி அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியவர் தாம் விற்கும் பொருளை மட்டும் விட்டுவிட்டது வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. நாம் தினமும் கொறிக்கும் கடலையை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மற்றத் தீனிகளில் தினை மிகச் சுத்தம். கல்லோ தூசியோ இல்லை, வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தபோது வண்டும் இல்லை. கடல்நுரை எனப்படும் கணவாய் ஓடு உடையாமல் முழுதாகக் கிடைக்கிறது. 'காக்டெய்ல் மிக்ஸ்' என்று கலந்து வைத்திருப்பதில் மட்டும் சூரியகாந்தி விதை பாதிக்கு மேல் இருக்கிறது. பறவைகள் கொழுப்பு மிகுந்த அந்த விதையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை உதறிவிடும் என்பதால், அதை வாங்காமல் தினையையும் கம்பையும் தனித்தனியாக வாங்கி, வீட்டில் முருங்கைக்கீரையும் துருவிய கேரட்டும் சேர்த்துக் கொடுப்பது மேல். நோயுற்ற பறவைக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்த ஓர் இளைஞரிடம், "மருந்து நான் குடுக்க மாட்டேன், டாக்டர்கிட்டக் கொண்டு போங்க" என்று அவர் சொல்லி அனுப்பியதை என் காதால் கேட்டேன்.

போன வாரம் சென்றபோது சுவரில் ஒட்டியிருந்த தாளின் அடியில் 'பூசணம் பிடிச்ச கடலை' என்று நீல மையில் ஒரு வரி கூடியிருந்தது. மிளகாய் அப்படியே இருந்தது. கடலைச் சாக்கும் வாசலில் அதே இடத்தில் இருந்தது. செல்ல விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, மாலை ஐந்து மணிக்கு மேல் செல்லலாம். தினையை நம்பி வாங்கலாம். தாளைக் கேட்டு வாங்க வேண்டும். கூட்டம் அதிகமாக இருந்தால் கொடுக்க மறந்துவிடுகிறார்.