யமஹா பி-45: ஷோப்பானின் ஒன்றரை நிமிடத்துக்குத் தாங்குமா?

கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் மரப் பியானோ வைத்திருப்பது சும்மா தலையிடி. கறையான், மாரி ஈரம், சுருதி சேர்க்க ஆள் தேடும் பாடு. அதனால் 88 கட்டை டிஜிற்றல் பியானோதான் வழி. பி-45 வந்தது 2015இல். 2023இல் பி-145 அதன் இடத்தைப் பிடித்துவிட்டதால், இப்போது கைமாறி வருவதுதான் அதிகம்.

மெதுவான பாட்டு எந்தப் பியானோவிலும் நன்றாகத்தான் கேட்கும். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் பி-பிளாட் மைனர் சொனாட்டாவின் (ஒப்புஸ் 35, 1840இல் பதிப்பானது) கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். இரண்டு கையும் ஒரு எட்டுச்சுர இடைவெளியில் ஒரே சுரங்களை வாசிக்க வேண்டும். மொத்தம் 75 தாளக் கட்டம் (பார்), ஒரு கட்டத்துக்குக் கைக்கு 12 சுரம். ஒன்றரை நிமிடத்தில் முடிப்பதென்றால் செக்கனுக்குப் பத்து. எல்லாம் அடங்கிய குரலில், ஓய்வில்லாமல்.

முதல் சிக்கல் கட்டையின் பாரம். உண்மைப் பியானோ போலவே இதிலும் இடப்பக்கம் பாரம், வலப்பக்கம் இலேசு. மெதுவாகத் தொடும்போது இடக்கைச் சுரங்கள் அங்கங்கே விழுங்கப்படும். கேட்பவர் தாளப் பிழை என்று நினைப்பார். இடக்கையைத் தனியே, பாதி வேகத்தில் தொடங்கி, தாளம் தட்டும் மெட்ரோனோமுடன் வேகத்தை ஏற்றி எடுங்கள். தொடுகை அளவை ‘ஹார்ட்’ ஆக மாற்றினால் மெல்லிய ஒலி கைக்குள் நிற்கும். எல்லாக் கட்டையும் ஒரே சத்தம் தரும் ‘ஃபிக்ஸ்ட்’ பக்கம் போகவே வேண்டாம்.

கூட வரும், சுரத்தை நீட்டும் சின்னப் பெடல் இந்தப் பகுதிக்கு உதவாது. அதற்குத் தெரிந்தது முழுவதும் அல்லது ஒன்றுமில்லை. மிதித்த உடனே எல்லாம் கலங்கிச் சேறாகும். பாதி மிதிப்பையும் உணரும் (அரைப் பெடல்) எஃப்சி3ஏ பெடலைத் தனியாக வாங்குங்கள். ஷோப்பான் பெடல் குறித்ததே கடைசியில்தான். ஒரே நேரத்தில் 64 சுரம்தான் ஒலிக்கும், அது குறைவு என்று குறைப்படுபவர்கள் உண்டு. ஒரு நேரத்தில் இரண்டே சுரம் ஒலிக்கிற இந்த இசைக்கு, பெடலை அடக்கி வைத்தால், அது தாராளம்.

தோற்பது முடிவில். இவ்வளவு நேரமும் அடங்கியிருந்து சட்டென்று இடிக்கும் அந்த ஒற்றை அடுக்கொலிக்கு (கோர்ட்), ஆறு வாட் ஒலிபெருக்கி இரண்டு போதாது. அடிச்சுரம் வயிறில்லாமல் கேட்கும். ஹெட்போனில் பரவாயில்லை, ஆனால் அதைச் செருகும் துளை பெரியது. போன் இயர்போனுக்கு 6.3 மில்லிமீற்றர் மாற்றி வேண்டும்.

பற்றறி போட இடமில்லை. 12 வோல்ட் அடப்டர்தானே என்று சோலார் பற்றறியில் நேரே கொழுவாதீர்கள்; சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டுக்கு மேலும் போகும். சின்ன யூபிஎஸ் நல்லது.

கல்லறைகளுக்கு மேலால் வீசும் காற்று என்று இந்தப் பகுதியைச் சொல்வார்கள். எங்கள் சோளகக் காற்று செம்மண் புழுதியையும் சேர்த்துக் கொண்டுவரும். வாசித்து முடித்ததும் தடித்த துணியால் மூடுங்கள். புழுதி உள்ளே போனால் கட்டைகள் சீராகப் பேசாது.