கணக்கு டியூஷனில் கடிதம் எழுதச் சொல்கிறார்கள்: ஒரு அம்மாவின் பார்வையில்

ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த டியூஷனைத் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். பத்தாம் வகுப்பு மாணவரை ஜனவரியில் கொண்டுவந்து சேர்த்து மார்க் ஏற்ற நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எடுக்கிறார். விளம்பரம் வேண்டாம் என்பார், அதனால் பெயர் போடவில்லை. கணக்கு டீச்சர் வீடு என்று கேட்டாலே வழி சொல்வார்கள். ஒரு பேட்ச்சில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை.

என் மகள் எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். இதற்கு முன் போன இடத்தில் கட்டுக்கட்டாக ஒர்க்‌ஷீட் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் மளமளவென்று போட்டுவிடுவாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "மிஸ் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்பாள். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது அதுதான்.

இங்கே ஒரு வகுப்பில் நாலைந்து கணக்குதான். அதில் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒருமுறை கொடுத்தது இது: "ஒரு பையன் ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு ஒரு கடிதம் எழுது. சூத்திரம் சொன்னால் நம்ப மாட்டான்."

சரியான சூத்திரம், அதாவது ஏ ஸ்கொயர் பிளஸ் 2ஏபி பிளஸ் பி ஸ்கொயர், என் மகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் முதல் கடிதம் இரண்டே வரியில் முடிந்தது: நீ 2ஏபி-யை விட்டுவிட்டாய், சேர்த்துக்கொள். டீச்சர் அதை அடிக்கவும் இல்லை, மார்க் போடவும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: "அந்த 2ஏபி எங்கிருந்து வந்தது?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏ-க்கு 3, பி-க்கு 2 போட்டுப் பார்த்தாள். ஐந்தின் வர்க்கம் 25. அந்தப் பையன் வழியில் போனால் 9-உம் 4-உம் சேர்ந்து 13. பன்னிரண்டு குறைகிறது. கிராஃப் நோட்டை எடுத்து ஐந்துக்கு ஐந்து சதுரம் வரைந்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகவும் இரண்டாகவும் பிரித்துக் கோடு போட்டாள். மூலையில் 9 கட்டம், எதிர் மூலையில் 4 கட்டம், மிச்சமிருந்தது ஆறு ஆறு கட்டமாக இரண்டு செவ்வகம். அடுத்த கடிதத்தில் படத்தை ஒட்டி, "நீ விட்டது இந்த ரெண்டு செவ்வகத்தைத்தான். ஒவ்வொண்ணும் ஏபி, அதான் 2ஏபி" என்று எழுதினாள். அதைப் படித்தபோது எனக்கே அப்போதுதான் விளங்கியது. நானும் பத்தாவது வரை அதை மனப்பாடமாகத்தான் ஒப்பித்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, சொல்லிக்கொடுப்பவருக்கும் இந்த எழுத்து உதவுகிறது. அதே பேட்ச்சில் ஒரு பையன் 0.3-ஐ விட 0.25 பெரியது என்று எழுதி, காரணமாக "3-ஐ விட 25 பெரியது" என்றும் எழுதியிருந்தானாம். வெறும் விடையாக இருந்தால் ஒரு தப்புக்குறியோடு போயிருக்கும். காரணத்தைப் படித்ததால் எங்கே வழுக்கினான் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டையும் ரூபாய், பைசாவாக மாற்றி எழுதச் சொன்னார். 30 பைசா, 25 பைசா என்று எழுதியதும் அவனே திருத்திக்கொண்டான்.

இதெல்லாம் டீச்சரின் தனி யோசனை மட்டுமல்ல. அமெரிக்கக் கணித ஆசிரியர் மன்றமான என்சிடிஎம் 1989-இல் வெளியிட்ட தர வரையறையிலேயே, கணக்கைப் பேசியும் எழுதியும் விளக்குவதற்கு முக்கிய இடம் உண்டு. நம் ஊரிலும், பள்ளிப் பாடத்திட்டங்களுக்கு வழிகாட்டிய 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பிள்ளை கணித முறையில் சிந்திக்கப் பழகுவதைத்தான் முதன்மை நோக்கமாகச் சொன்னது. வகுப்பறையில் அதற்கு நேரம் ஒதுக்குவதுதான் அரிது.

எந்த மொழியில் எழுதினாலும் டீச்சர் ஒப்புக்கொள்கிறார். தமிழும் இங்கிலீஷும் கலந்தும் எழுதலாம், எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. ஆனால் "அது", "இது" என்று மொட்டையாக எழுதினால், எது என்று கேட்டுத் திருப்பிவிடுவார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கணக்கு போதாது, வேகம் வர நாங்கள் வீட்டில் தனியாகப் போடவைக்கிறோம். திருத்திய நோட்டு சில சமயம் ஒரு வாரம் கழித்துத்தான் கைக்கு வருகிறது, அதற்குள் பள்ளியில் அடுத்த பாடம் போய்விடுகிறது. எழுதவே பிடிக்காத பிள்ளைகள் ரொம்பத் தவிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் கெட்டி, ஆனால் ஒரு பத்தி எழுத அழுதுவிடுவான். அவனை இப்போது படம் வரைந்து வாயால் சொல்லச் சொல்கிறார். இதை முதலிலேயே செய்திருந்தால் அவன் நடுவில் கொஞ்ச நாள் வராமல் நின்றிருக்க மாட்டான்.

மாதம் 900 ரூபாய். வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை. தெரு குறுகல், கார் கொண்டுபோகாதீர்கள். சேர்ப்பதற்கு முன் பிள்ளையை ஒரு வகுப்பில் உட்காரவைத்துப் பார்க்க விடுகிறார். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்றும் கிராஃப் நோட்டு ஒன்றும் கொடுத்துவிட்டால் போதும்.