எலக்ட்ரானைப் பெருக்க: காந்தமும் வேண்டுமா, மின்புலம் மட்டும் போதுமா?

மிக மங்கலான ஒளியை உணரும் போட்டோமல்டிப்ளையர் குழாயில், ஒளி பட்டுக் கிளம்பும் எலக்ட்ரானைப் பல மடங்காகப் பெருக்க வேண்டும். அதற்கான தகட்டுக்கு டைனோடு என்று பெயர். வேகமாக வரும் எலக்ட்ரான் டைனோடு தகட்டில் மோதினால் நாலைந்து எலக்ட்ரான்கள் தெறித்துக் கிளம்பும். கட்டத்துக்கு 5 என்று வைத்தால், 10 கட்டம் தாண்டும்போது ஒன்று ஏறத்தாழ 98 லட்சம் ஆகிவிடும். இதில் யாருக்கும் சண்டை இல்லை. தெறித்தவற்றைச் சிதறவிடாமல் அடுத்த தகட்டில் எப்படி இறக்குவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

1936-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவன ஆய்வாளர்கள் ஸ்வோரிகின், மார்ட்டன், மால்டர் மூவரும் வெளியிட்ட குழாயில் மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்து. கீழ்வரிசைத் தகட்டிலிருந்து மேலெழும் எலக்ட்ரானைக் காந்தம் வளைத்து, அதே வரிசையின் அடுத்த தகட்டில் விழவைக்கும். பார்க்க அழகுதான். ஆனால் தாவும் தூரம் மின்புலத்துக்கு நேர்விகிதத்திலும், காந்தப்புலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் மாறும். பெருக்கத்தைக் கூட்ட மின்னழுத்தத்தை இரட்டித்தால் காந்தத்தையும் 1.4 மடங்கு ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் எலக்ட்ரான் குறி தவறிவிடும்.

1939-ல் ஸ்வோரிகினும் ராய்க்மனும் காந்தத்தையே கழற்றிவிட்டார்கள். தகடுகளின் வளைவே எலக்ட்ரானை வழிநடத்தும். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு: எல்லா மின்னழுத்தங்களையும் ஒரே விகிதத்தில் ஏற்றினால் எலக்ட்ரானின் பாதை மாறுவதே இல்லை, வேகம்தான் கூடும். ஆக, மின்தடைகளை வரிசையாகக் கோத்து அழுத்தத்தைப் பங்கிட்டால் போதும். ஒரே குமிழைத் திருகிப் பெருக்கத்தை மாற்றலாம். போட்டோமல்டிப்ளையர் என்றாலே இன்று பெரும்பாலும் இந்த வகைதான் என்பதில் ஆச்சரியமில்லை.

சரி, குறையே இல்லையா? வெளிக் காந்தப்புலம் இதற்கு ஆகாது. ஜப்பானில் நிலத்தடி நீர்த்தொட்டியில் நியூட்ரினோ துகள்களைத் தேடும் சூப்பர்-காமியோகாண்டே ஆய்வகத்தில் உள்ள 50 செ.மீ. குழாய்களுக்குப் பூமியின் காந்தமே தொல்லை. அதை ஈடுகட்டத் தொட்டியைச் சுற்றிக் கம்பிச்சுருள்கள் வைத்திருக்கிறார்கள்.

காந்த வகையை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. சீரான குறுக்குப் புலங்களில் ஒரு சுற்றுக்கான நேரத்தைக் காந்தம் மட்டுமே தீர்மானிக்கிறது. காந்தப்புலம் 100 காஸ் (அதை அளக்கும் அலகு) என்றால் சுமார் 3.6 நானோ நொடி. எலக்ட்ரான் எந்த வேகத்தில் கிளம்பினாலும் அது மாறாது. அதனால் வந்துசேரும் நேரத்தில் சிதறல் குறைவு. 1960-களில் ஜிகாஹெர்ட்ஸ் அளவில் துடிக்கும் லேசர் ஒளியைப் பிடிக்க இந்த வகையையே மறுபடி எடுத்தார்கள். வேகம்தான் முக்கியம் என்றால் நானும் இதையே எடுப்பேன்.

வலுவான காந்தத்துக்குள்ளேயே வேலை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மைக்ரோசேனல் தட்டுக்குப் போவது நல்லது. 10 மைக்ரான் அளவுள்ள கண்ணாடித் துளைகளின் உட்சுவரே அங்கு டைனோடு. ஒரு தட்டில் பெருக்கம் சுமார் 10,000 மடங்கு. அதற்கு மேல் வேண்டுமானால், துளைகளின் சாய்வு எதிரெதிராக இருக்கும்படி இரண்டு தட்டுகளை அடுக்க வேண்டும்.