கயிற்றின் கீழ்நுனி: சிகாகோவில் 'லுக்கிங்கிளாஸ் ஆலிஸ்'

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில், பெருங்கடைகளின் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே, குட்டிக் கோட்டை போல ஒரு சுண்ணாம்புக்கல் கட்டடம் நிற்கிறது. நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக 1869இல் எழுப்பப்பட்ட இந்த நீரேற்று நிலையம், 1871 அக்டோபரில் ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிய தீயில் தப்பிப் பிழைத்த சில கட்டடங்களுள் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் நூலான 'த்ரூ தி லுக்கிங்-கிளாஸ்' வெளியாயிற்று. ஆலிஸ் என்ற சிறுமி நிலைக்கண்ணாடிக்குள் புகுந்து மறுபக்க உலகத்தைக் காணும் கதை அது. அந்த நூலிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட லுக்கிங்கிளாஸ் நாடகக் குழு 2003 முதல் இந்த நிலையத்தின் ஒரு பகுதியை அரங்காகப் பயன்படுத்துகிறது. மறுபகுதியில் நீரேற்றும் எந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன.

2022 கோடையில் என் தம்பி மகளை அழைத்துக்கொண்டு 'லுக்கிங்கிளாஸ் ஆலிஸ்' பார்க்கச் சென்றேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று தெரு தள்ளி வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு டிக்கெட்டின் பாதி விலையைக் கட்டணமாக வாங்கிக்கொண்டார்கள் என்ற எரிச்சலோடுதான் உள்ளே நுழைந்தேன். அது பத்து நிமிடங்களுக்குள் மறந்துபோயிற்று.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உடன் படித்தவர்கள் 1988இல் தொடங்கிய குழு இது. 'ஃப்ரெண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் ராஸ் என்ற பாத்திரத்தால் உலகம் அறிந்த டேவிட் ஷ்விம்மரும் அவர்களுள் ஒருவர். நாடகத்தை எழுதி இயக்கிய டேவிட் காட்லினும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவரே. 2005இல் முதன்முதலாக மேடையேறிய இந்நாடகம், அருகிலுள்ள இவான்ஸ்டனில் சர்க்கஸ் கலைகளைக் கற்பிக்கும் ஆக்டர்ஸ் ஜிம்னேசியத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. பிறகு பலமுறை இங்கேயே திரும்ப நடத்தப்பட்டது. நியூயார்க், பிலடெல்ஃபியா போன்ற ஊர்களுக்கும் சென்று வந்தது.

மேடையேறுவோர் மொத்தம் ஐந்து பேர். ஒருவர் ஆலிஸ்; பூனை, தொப்பிக்காரன், ராணி, கம்பளிப்புழு, குதிரைவீரன் என்று மற்ற எல்லாமாகவும் மாறி மாறி வருபவர்கள் மீதி நால்வர். இடைவேளை இல்லாமல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கரோலின் இரண்டு நூல்களிலிருந்தும் காட்சிகளை எடுத்துக் கலந்திருந்தாலும், சட்டகம் இரண்டாவது நூலின் சதுரங்கம்தான்: சிப்பாயாகப் புறப்படும் ஆலிஸ் எட்டாவது கட்டத்தை அடைந்து ராணியாக வேண்டும்.

ஆலிஸ் கண்ணாடிக்குள் நுழையும் தருணத்தை அவர்கள் நிகழ்த்தும் விதம் மிக எளிமையானது. நமக்கு எதிரே சுவராக நின்ற திரை விழுகிறது. அப்பால் நம்மைப் போலவே வரிசை வரிசையாக உட்கார்ந்து நம்மையே வியந்து பார்க்கும் இன்னொரு கூட்டம். ஒரு கணம் உண்மையாகவே ஏதோ கண்ணாடியைப் பார்ப்பதாக நினைத்துவிட்டேன். எதிர்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பெரியவரைக் கண்டபோது, நானும் அவருக்கு அப்படித்தான் தெரிவேன் என்று உறைத்தது. அதற்குப் பிறகு நாடகம் இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே, நீளவாக்கில், தரையிலும் அந்தரத்திலுமாக நடக்கிறது.

ஆலிஸின் கதையைப் படமாகவோ நாடகமாகவோ எடுப்பவர்கள் பெரும்பாலும் அதன் விசித்திர உருவங்களில் மயங்கி, உடையலங்காரத்திலும் வண்ணத்திலும் காசைக் கொட்டுவார்கள். ஆனால் அந்தக் கதையில் ஆலிஸுக்கு நேர்வதெல்லாம் அவள் உடம்புக்கு நேர்வதுதான்: விழுகிறாள், நீள்கிறாள், சுருங்குகிறாள், கைகால்கள் தனக்குச் சொந்தமில்லாதவை போல ஆகிவிடுகின்றன. வளரும் பிள்ளை ஒவ்வொன்றும் தன் உடம்பைப் பற்றி உணரும் திகைப்பு இது. ஆகவே வித்தைக்காரர்களிடம் இந்தக் கதையை ஒப்படைத்தது வெறும் அலங்காரத்துக்காக அன்று என்பது என் கருத்து. மூன்று நடிகர்கள் பின்னிப் பிணைந்து ஒரே கம்பளிப்புழுவாகி, எந்தக் கை யாருடையது என்று தெரியாதபடி நெளிந்துகொண்டே ஆலிஸிடம் நீ யார் என்று கேட்கும்போது, புத்தகத்தில் தத்துவமாக நிற்கும் கேள்வி இங்கே தசையும் எலும்புமாக நிற்கிறது. சிவப்பு ராணி பிரம்மாண்டமான பாவாடையின் உச்சியில் எல்லோர் தலைக்கும் மேலே உயர்ந்து வருகிறாள். சிறு பிள்ளையின் கண்ணுக்குப் பெரியவர்கள் எல்லோருமே அந்த உயரம்தானே! ஹம்ப்டி டம்ப்டி உயரத்திலிருந்து பின்புறமாகச் சாயும் காட்சியில், அவன் விழுவான் என்று அரங்கில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், இரண்டு பக்கமிருந்தும் ஒரே மூச்சாக "ஐயோ" என்ற பொருளில் ஓர் ஒலி எழுந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கயிறு. சர்க்கஸ்காரர்கள் ஸ்பானிஷ் வெப் என்று சொல்லும் இந்தக் கயிற்றுக்குப் பருத்தித் துணியால் உறை போட்டிருப்பார்கள்; உயரத்தில் ஒரு கைப்பிடி வளையம் இருக்கும். மேலே ஏறியவர் மணிக்கட்டையோ கணுக்காலையோ அதற்குள் கோத்துக்கொள்ள, கீழே நிற்பவர் கயிற்றின் நுனியைப் பிடித்துச் சுழற்றுவார். வேகம் கூடக்கூட மேலிருப்பவரின் உடல் வெளிநோக்கி எழும்பிக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் சுழலும். பார்க்கிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து மேலேயே பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி மகள்தான் என் சட்டையை இழுத்து, "பெரியப்பா, கீழ நிக்கிறவரு கயித்த விட்டுட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு கயிற்றின் கீழ்நுனியைத்தான் பார்த்தேன். கால்களை அகட்டி, தோள்களைத் தளர்த்தி, கண்களை ஒரு கணமும் மேலிருந்து எடுக்காமல், சட்டி நிறைய மாவைத் துழாவுவது போல முழு உடம்பாலும் கயிற்றைச் சுற்றுகிறார். சுழற்சியை நிறுத்தும்போது சட்டென்று இழுக்காமல், கொஞ்சங்கொஞ்சமாக வேகத்தைத் தணித்து, மேலே சுழல்பவளைத் தரைக்குக் கொண்டுவருகிறார். இறங்கியவள் எங்களுக்கு ஆறேழு அடி தூரத்தில் நின்றாள். முழங்கை மடிப்பில் கயிறு உரசிய சிவந்த தடமும், மூச்சு வாங்குவதில் ஏறி இறங்கும் விலாவும் தெளிவாகத் தெரிந்தன. அந்தத் தடத்தை மறைக்கக் கைநீளச் சட்டை எதுவும் அணிவிக்காமல் விட்டார்களே என்று மகிழ்ந்தேன்.

கரோல் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் சார்லஸ் டாட்ஜ்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். 1862 ஜூலை 4 அன்று படகில் செல்லும்போது ஆலிஸ் லிடலுக்கும் அவள் சகோதரிகளுக்கும் சொன்ன கதையே 1865இல் முதல் நூலாயிற்று. நாடகத்திலும் டாட்ஜ்சன் ஒரு பாத்திரமாக வருகிறார். கதை சொல்லிக்கொண்டே ஒரு சிறுமியை உயரத்துக்கு அனுப்புகிறவர், அவள் வளர்ந்து தன்னைத் தாண்டிப் போவதைக் கீழே நின்று பார்க்க வேண்டியவரும் ஆகிறார். குதிரையிலிருந்து ஓயாமல் விழும் வெள்ளைக் குதிரைவீரன் ஆலிஸை எட்டாவது கட்டத்தின் எல்லைவரை கொண்டுபோய் விட்டு விடைபெறும் காட்சி, சிரிப்பு அடங்காத பிள்ளைகளுக்கு நடுவே பெரியவர்களைச் சும்மா இருக்கவைத்துவிட்டது. கயிற்றைப் பார்த்துவிட்டதால்தான் இந்த விடைபெறுதல் எனக்கு அவ்வளவு உறைத்ததோ என்னவோ.

குறை என்றால், கரோலின் சொல்விளையாட்டுக்கு இங்கே இரண்டாம் இடம்தான். சிலேடையை ரசிக்கக் காது நிதானமாக இருக்க வேண்டும்; தலைகீழாகத் தொங்குகிறவர் சொல்லும் சிலேடையை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? இரண்டு நூல்களைக் கலந்ததால் காட்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மூலமும் அப்படித்தான் என்று பதில் சொல்லலாம். ஆனால் கதையை முன்னரே அறியாதவர்களுக்குப் பாதி வழியில் ஆலிஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறாள் என்பது குழம்பக்கூடும். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் வண்டியிலேயே கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் சதுரங்கப் பகுதியைச் சொல்ல மறந்துவிட்டு, நாடகத்தின் நடுவே காதோடு காதாகச் சொல்லி, முன்வரிசையிலிருந்த அம்மையாரின் முறைப்பைச் சம்பாதித்தேன்.

இதே காட்லின், ஆக்டர்ஸ் ஜிம்னேசியத்தோடு சேர்ந்து 2015இல் 'மோபி டிக்' நாவலையும் கயிறுகளிலும் கம்பங்களிலும் ஏற்றிக் காட்டினார். பெருந்தொற்றுக்குப் பின் நாடகக் குழுக்கள் பலவும் தள்ளாடிய காலத்தில், 2023இல் லுக்கிங்கிளாஸும் பணியாளர்களைக் குறைத்துக்கொண்டு நாடகங்களை நிறுத்திவைத்தது. 2025 தொடக்கத்தில் மறுபடி மேடை திறந்தபோதும் சர்க்கஸ் கலந்த நாடகத்தோடுதான் திறந்தது. ஆலிஸ் மறுபடி வருவாளானால், மிக முன்னால் இடம் வாங்கிக் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டாம். நான்காம் ஐந்தாம் வரிசையில், கயிறு தரையைத் தொடும் இடம் மறைக்காமல் தெரிகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.