பட்டவராயன் கதை பாட வந்த வில்லுக் குழு

எங்கள் குடும்பக் கோயில் அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. சாஸ்தா கோயில். காவல் தெய்வங்களாகச் சுடலையும் பட்டவராயனும் உண்டு. எங்கள் வீட்டாருக்குப் பட்டவராயன்தான் முக்கியம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வைகாசியில் கொடை, அதாவது கோயில் திருவிழா. அதில் முப்பது வருஷமாக வில்லுப்பாட்டுப் பாடிய அண்ணாவிக்கு (குழுத் தலைவருக்கு) இப்போது வயதாகிவிட்டது, தொண்டை ஒத்துழைக்கவில்லை. புதுக் குழு பார்க்கிற வேலையைச் சித்தப்பா என்னிடம் விட்டார். "நீதான தமிழ் டீச்சரு, நீயே கேட்டுப் பாத்து பேசி முடி" என்றார்.

கடைசியில் நான் பேசி முடித்தது கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக் குழு. குழுத் தலைவியிடம் அனுமதி கேட்காததால் பெயரையும் எண்ணையும் இங்கே போடவில்லை. அம்பாசமுத்திரம் சுற்று வட்டாரத்தில் பெண் பாடும் வில்லு என்று விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம். மொத்தம் ஏழு பேர். மதியம், சாமம் என்று இரண்டு நேரக் கொடைக்கும் சேர்த்து 28,000 ரூபாய், வேன் வாடகை தனி. அதில் 5,000 முன்பணம். சாப்பாடும் இடையிடையே சுக்குக் காப்பியும் நம் பொறுப்பு. பேசிய காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

தலைவியிடம் போனில் பேசும்போதே ஒரு கேள்வி கேட்டேன். "முத்துப்பட்டன் கதையில பொம்மக்காவும் திம்மக்காவும் யார் பெத்த பிள்ளைகள்னு பாடுவீங்க?"

ஏன் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். முத்துப்பட்டன் ஒரு பிராமண வீட்டுக் கடைசிப் பிள்ளை. செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் இரண்டு பெண்களைக் காட்டில் பார்த்து, அவர்களுக்காகப் பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைக்கப் பழகி, மாமனார் காவல் காத்த மாடுகளைக் காப்பாற்றப் போய்ச் செத்தவன். அவன்தான் எங்கள் பட்டவராயன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனால் அவன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். இந்தக் கதை இரண்டு விதமாகப் பாடப்படுகிறது. ஒன்றில் அந்தப் பெண்கள் வாலப்பகடையின் சொந்தப் பிள்ளைகள். இன்னொன்றில் அவர்கள் பிராமண வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்து, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சாதி மீறிய கல்யாணத்தைப் பொறுக்காமல் பிற்காலத்தில் பிறப்பை மாற்றிப் பாடியதை அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். கதை நடப்பெல்லாம் அதேதான். அந்த ஒரு பிறப்புச் செய்தியை மாற்றியதும் மூன்று பேருடைய குணமும் மாறிவிடுகிறது. பட்டன் எதையும் இழக்காதவன் ஆகிறான். பெண்கள் வேறு யாரோ ஆகிறார்கள். வாலப்பகடை வெறும் வளர்ப்புக்காரர் ஆகிவிடுகிறார்.

அந்த அம்மா யோசிக்காமல் பதில் சொன்னார். "அவர் பெத்த பிள்ளையளாத்தான் பாடுவோம் டீச்சர். அப்படிப் பாடலேன்னா, அவர் வாளை எடுத்துட்டு வாற இடத்துல எனக்குப் பாட்டு வராது." அன்று சாயங்காலமே முன்பணம் அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாமக்கொடைக்குப் பட்டன் கதை. இரவு பத்துமணிக்கு வில் ஏறியது. காப்பு, குருவடி, அவையடக்கம் என்ற தொடக்கப் பாட்டுகள் எல்லாம் முறையாக நடந்தன, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. வாலப்பகடை வருகிற இடத்திலிருந்துதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் பயந்து ஓடிவந்து அப்பாவிடம் சொல்கிறார்கள். அவர் வாளை எடுத்துக்கொண்டு போகிறார். அதுவரை "வந்தானாம், பார்த்தானாம்" என்று வெளியே நின்று பாடிக்கொண்டிருந்த அந்த அம்மா, வில்லின் நாணை அடிக்கிற வீசுகோலை மடியில் வைத்துவிட்டுக் குரலை இறக்கி "நான்" என்று ஆரம்பித்தார். எல்லா வில்லுக்காரர்களும் பாத்திரமாகப் பேசுவார்கள்தான். இவர் செய்தது அதற்கும் மேலே. அப்பாவாகப் பேசிய நேரம் முழுக்க அப்பாவுக்குத் தெரியாத ஒரு சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை. மரத்தடியில் ஒருவன் படுத்திருக்கிறான். மார்பில் நூல் தெரிகிறது. யார் என்று தெரியாது. இவ்வளவுதான் வாலப்பகடை பார்த்தது, இவ்வளவுதான் நாங்களும் பார்த்தோம். பட்டன் தன் ஆசையைச் சொன்னபோது, பாட்டுக்கு இடையிடையே ஆமாப் போடுகிறவர் (பாடுகிற அம்மாவின் அண்ணன் என்று பிறகு தெரிந்தது) குறுக்கே கேட்டார்: "ஏ, அவன் மனசாரத்தான் சொல்லுதானா?" மற்றக் குழுவாக இருந்தால் இந்த இடத்தில் பாடுகிறவர், பட்டனின் காதல் உண்மைக் காதல் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்த அம்மா வாலப்பகடை குரலிலேயே பதில் சொன்னார்: "எனக்கு எப்பிடித் தெரியும்? நேத்துவரைக்கும் என் நிழல் மேல படக்கூடாதுன்னு நடந்த சாதிக்காரன்லா!"

கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. பட்டன் நல்லவன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவனைத்தான் கும்பிடுகிறோம். ஆனாலும் அந்த ஐந்து நிமிஷம் அவன்மேல் எனக்கும் சந்தேகம் வந்தது. பூணூலை அறு, குடுமியை எடு, தொழிலைப் பழகு என்று அவர் போடுகிற நிபந்தனை எல்லாம் இத்தனை வருஷம் எனக்குக் கதைக்காக வைத்த சோதனையாகத்தான் பட்டது. அன்றுதான் அது இரண்டு பெண்களைப் பெற்ற ஒருவரின் பயமாகக் கேட்டது.

இருபத்தேழு வருஷமாகப் பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு அகப்பாட்டு நடத்துகிறேன். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று எழுதிப்போட்டு, பரீட்சைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறேன். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறார். கூற்று, கேட்போர், களன் மூன்றும் அடுத்தடுத்து அந்த வரிசையில் வரும். பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், எந்த இடத்தில் என்பது மாத்திரை, அசை போலவே பாட்டின் உடம்பில் ஓர் உறுப்பு. இதை மனப்பாடமாகச் சொல்ல எனக்குத் தெரியும். கேட்போர் என்கிற உறுப்பு என்ன வேலை செய்யும் என்று ஆமாப் போடுகிற அந்த மனிதரைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. அவர் சும்மா தலையாட்டவில்லை. நாங்கள் கேட்க நினைத்ததைக் கேட்டார். கேட்கக் கூடாத இடத்தில் வாயைத் திறக்கவே இல்லை.

அடுத்தது அக்கா தங்கை. எங்கள் பழைய அண்ணாவி நல்ல குரல்காரர், ஆனால் அவர் பாட்டில் பொம்மக்கா திம்மக்கா என்பது ஒரே மூச்சில் வருகிற ஒரே பெயர் மாதிரி இருக்கும். இருவரும் சேர்ந்து வருவார்கள், சேர்ந்து அழுவார்கள். இந்தக் குழுவின் பாட்டில் அவர்கள் இரண்டு பேர். பொம்மக்கா முந்திக்கொண்டு பேசுகிறவள். திம்மக்கா பேச்சுக் குறைவு, அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: சாயங்காலம் தொழுவுக்குத் திரும்புகிற மாடுகளை விரல் விட்டு எண்ணுவாள். பட்டனை முதலில் பார்த்துப் பயந்து ஓடுகிறபோதுகூட அவள் மாட்டை எண்ணிக்கொண்டே ஓடினாள் என்று பாடினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அது எதற்கு என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

கல்யாண ராத்திரி. மாட்டைக் களவாண்டு போகிறார்கள் என்று சேதி வருகிறது. பட்டன் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறான். வழக்கமாக இதற்குப் பிறகு சண்டை. வில்லின் மணி குலுங்க, தாளத்துக்கு அடிக்கிற குடம் அதிர, அரைமணி நேரம் வெட்டும் குத்தும். ஒளிந்திருந்த ஒருவன், ஆற்றில் இறங்கிய பட்டனைப் பின்னால் வந்து குத்துவான். கூட்டம் முழுக்க அந்தச் சண்டைக்காகத்தான் காத்திருக்கும். இந்த அம்மா ஆற்றுக்குப் போகவே இல்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார். மஞ்சள் காயாத தாலிக்கயிற்றோடு இரண்டு பெண்கள் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். கொடைக்குக் கொடை கேட்ட கதை ஆயிற்றே. தெரிந்த எங்களைத் தெரியாத அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். உடுக்கு மட்டும் மெதுவாக ஒலித்தது.

முதலில் மாடுகள் வருகின்றன. திம்மக்கா எண்ணுகிறாள். கணக்குச் சரியாக இருக்கிறது. "ஒண்ணும் குறையல அக்கா" என்கிறாள். அதற்குப் பிறகு நாய் வருகிறது. அதன் வாயில் ஈரம். பொம்மக்கா விளக்கைத் தூக்கிப் பார்க்கிறாள்.

அங்கே நிறுத்தினார். ஆமாப் போடுகிறவரும் பேசவில்லை.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று உண்டு, 25ஆவது. அவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சி யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றுதான் இருந்தது என்று தலைவி சொல்லுவாள். பார்த்தது குருகு, அதற்குப் பேச்சு வராது. வகுப்பில் எத்தனையோ தடவை நடத்திய பாட்டு. அந்த நாய் வந்து நின்றபோது எனக்கு அந்தக் குருகுதான் ஞாபகம் வந்தது. நடந்ததைப் பார்த்தது அது ஒன்றுதான், அதற்கும் வாய் இல்லை. அழுதுவிட்டேன். என் பக்கத்தில் இருந்த மதினியும் அழுதாள்.

அந்த இடத்தில் இன்னொன்று நடந்தது. எங்கள் ஊர்ப் பழக்கப்படி நன்கொடைச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், 101, 501 என்று. நாய் வருகிற நேரத்தில் ஒருவர் சீட்டை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கி முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். சிங்கம்பட்டி ராசாவிடம் அனுமதி வாங்கிப் பெண்கள் தீயில் இறங்கி முடித்த பிறகுதான் எடுத்து வாசித்தார். கொடுத்தவருக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

பெண்களின் கதை முடிந்த பிறகுதான் ஆற்றங்கரைக்குப் போய்ச் சண்டையைப் பாடினார், சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டாக. அப்போது சித்தப்பா மேல் சாமி வந்தது. அதுவரை அவன், அவர், அவள் என்று போன கதை எல்லாம் சித்தப்பா வாயில் "நான் வந்துருக்கேன்" என்று முடிந்தது. சண்டை முதலில் வராமல் போனால் சாமி இறங்குமா என்று பெரியவர்களுக்குக் கவலை இருந்தது. இறங்கியது. வழக்கத்தைவிட நேரம் கூடுதலாகவே ஆடினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அன்று மதியக் கொடைக்குப் பாடிய சுடலை கதை எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே போனார், இங்கே வந்தார், இன்னாரைக் கொன்றார் என்று ஊர்ப்பெயரும் ஆள்பெயருமாக ஓடியது. யார் கண்ணிலும் நிற்கவில்லை. படைப்புக்கு நேரமாகிறது என்று நாங்கள் அவசரப்படுத்தியதும் ஒரு காரணம். கல்யாணக் கட்டத்தில் சினிமா மெட்டு ஒன்று வந்தது. கீபோர்டு வாசிக்கிற பையன் ஆசைப்பட்டிருப்பான். இளவட்டங்கள் கைதட்டினார்கள், எனக்கு அந்த இரண்டு நிமிஷம் கதை கையை விட்டுப் போனது. ஒலிபெருக்கி நாங்கள் வேறு இடத்தில் பிடித்தது. குடத்துக்கு வைத்த மைக் அலறியதில் முதல் ஒரு மணி நேரம் பாதிச் சொல் கேட்கவில்லை. இதில் குழுவின் தப்பு எதுவும் இல்லை. குழுவைக் கூப்பிடுகிறவர்கள் ஒலிபெருக்கிக்காரரிடம் பாட்டு மைக்கைத் தூக்கி, குடத்தைக் குறைக்கச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள். மேடையையும் உயரமாகப் போடாதீர்கள். கேட்கிறவர்கள் முகம் தெரிய வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள்.

வைகாசி, ஆடி வெள்ளிக்கிழமைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். நான் மாசியிலேயே பேசியதால் கிடைத்தது.

மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்து அவர்கள் வேனில் சாமான் ஏற்றும்போது, திம்மக்கா மாடு எண்ணுவது எங்கிருந்து வந்தது, நான் கேட்டதே இல்லையே என்றேன். "எங்க ஆச்சி எண்ணித்தான் கட்டுவா டீச்சர். எண்ணி முடிச்சாத்தான் அவளுக்குச் சோறு இறங்கும்" என்றார். அடுத்த கொடைக்கும் அங்கேயே 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். கூடவே ஒன்று கேட்டேன். சுடலை குழந்தையாக இருக்கும்போது தொட்டிலை விட்டு இறங்கிச் சுடுகாட்டுக்குப் போய்விடுகிறாரே, அம்மை எழுந்து பார்த்தால் தொட்டில் வெறுமையாகக் கிடக்கிறதே, அதை அந்தத் தாய் பக்கத்திலிருந்து பாடுவீர்களா?

சூப்பர் என்றோ சரி என்றோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "அவ எந்திரிச்சதும் முதல்ல தொட்டிலப் பாத்தாளா, வாசலப் பாத்தாளா டீச்சர்? அது எனக்குத் தெரியணும். தெரிஞ்சா பாடுதேன்" என்றார்.