அரை லீட்டருக்குக் குறையாமல்: நாலு வருஷக் கேத்தல் அனுபவம்

போன கிழமை என் கரண்ட் கேத்தல் ரிப்பேருக்குப் போய் வந்தது. அதைக் கேள்விப்பட்டு, பண்டாரவளையில் இருக்கிற, பழைய ஸ்கூலில் என்னோடு படிப்பித்த தோழி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். "டீச்சர், நானும் ஒன்னு வாங்கலாமான்னு பாக்கிறேன், நீங்க இவ்வளவு காலமா பாவிக்கிறீங்களே, நல்லதா?" நல்லதா என்றால் ஒரு சொல்லில் எனக்குப் பதில் வரவில்லை. குரலிலேயே சொல்ல ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, எழுதிவிடுவதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சாமான் எப்படிப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். 1.8 லீட்டர், 2200 வாட், எவர்சில்வர் உடம்பு, கறுப்புக் கைப்பிடி, அடியில் வட்டமான தட்டு. கம்பனிப் பெயர் வேண்டாம். கடையில் வரிசையாக நிற்கிற கேத்தல்களில் பாதி, பெயரைத் தவிர இதே அச்சுத்தான்.

என் வழக்கு ஒரு கோட்டோடு. கேத்தலுக்கு உள்ளே, கீழே, "மினிமம்" என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அரை லீட்டர். அதற்குக் கீழே தண்ணீர் ஊற்றக் கூடாதாம். நான் தனி ஆள். என் கோப்பை 200 மில்லி பிடிக்கும். விடிய எழும்பி ஒரு பிளேன்டீ குடிக்க நினைத்தால் இரண்டரைக் கோப்பைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாக வேண்டும். இதைச் செய்தவனுக்கு வீட்டில் ஆட்கள் நிறைய இருந்திருப்பார்கள் போல, ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு கோப்பை குடிப்பார் என்று அவன் யோசிக்கவே இல்லை. மேக்சிமம் கோட்டை நான் இதுவரைக்கும் தொட்டதே கிடையாது. தொட்டாலும் தூக்க முடியாது. தண்ணீர் மட்டும் 1.8 கிலோ, கேத்தலோடு சேர்த்தால் என் மணிக்கட்டு விடாது.

அந்தக் கோட்டையாவது வெளியில் போட்டானா என்றால், அதுவும் இல்லை. உள்சுவரில், வெள்ளி நிறத்தின் மேலேயே வெள்ளி நிறமாக, புடைப்பாக ஒரு கீறல். காலை நாலரை மணிக்கு, மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடி எடுத்து, குசினி லைட் போதாமல் டோர்ச்சைக் கேத்தலின் வாய்க்குள் அடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கண் கேட்டராக்ட் ஒப்பரேஷன் செய்தது, மற்றது இன்னும் செய்யவில்லை. பக்கவாட்டில் கண்ணாடிப் பட்டை வைத்த கேத்தல்களும் இருக்கின்றன, வெளியிலிருந்தே தண்ணீர் மட்டம் தெரியும். மகன் இதைத்தான் தெரிந்தெடுத்தான். எவர்சில்வர் உடையாதாம்.

அவனைக் குறை சொல்லிப் பலனில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் அடுப்பு வெடித்த கதை ஞாபகம் இருக்கும். தினமும் செய்தியில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற மகன் பயந்துபோய், "அம்மா, விடிய இருட்டோட எழும்பி கேஸ் பத்த வைக்கிற வேலையை விடுங்க" என்று சொல்லி இதை வாங்கிக்கொண்டு, மலைநாட்டில் நான் இருக்கிற நானுஓயாவுக்கு ரயிலில் வந்தான். நல்ல எண்ணம்தான். ஆனால் கொஞ்ச மாதத்தில், 2022 மார்ச்சில், கரண்டே இல்லை. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். கேஸும் இல்லை. கிடைத்த நேரத்தில் 12.5 கிலோ சிலிண்டர் ஐயாயிரத்தைத் தொடப் பார்த்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை. புத்தம் புதுக் கேத்தல் மேசையில் பளபளவென்று உட்கார்ந்திருக்க, நான் பின்பக்கம் மூன்று கல்லை வைத்து, சவுக்கு விறகை ஊதிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு விறகு ஊத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அறுபத்தெட்டு வயதில் புகையில் உட்கார்ந்தபோது அந்தக் கேத்தலைப் பார்த்து வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, வேலை எப்படிச் செய்கிறது என்று சொல்கிறேன். அரை லீட்டர் இரண்டு நிமிஷத்துக்குள் கொதிக்கும், தை மாதக் குளிரில் குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசினால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். பக்கத்து வீட்டில் ஒருவர், "மலையில இது தானா ஓஃப் ஆகாது டீச்சர், இங்க தண்ணி நூறு பாகைக்கு வராதே" என்று பயமுறுத்தினார். பாதி சரி. கடல் மட்டத்தில்தான் நூறு. மேலே ஏற ஏற, கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு பாகை குறையும். நானுஓயா 1,600 மீட்டருக்கு மேலே, அதனால் எங்கள் தண்ணீர் 95 பாகைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் இன்னும் ஒரு பாகை குறைவு. ஆனால் கேத்தல் பாகை பார்த்து ஓஃப் ஆவதில்லை, ஆவியைப் பார்த்துத்தான் ஓஃப் ஆகிறது. மூடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, அது வழியாக ஆவி கைப்பிடிப் பக்கம் இறங்கி ஒரு தகட்டைச் சூடாக்கும். இரண்டு உலோகம் சேர்த்து ஒட்டிய தகடு, ஒன்று மற்றதைவிடக் கூட விரியும், அதனால் வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். ஈருலோகத் தகடு என்று எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படம் கீறியிருக்கிறேன். மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் ஆவி வெளியே போய்விடும், அப்புறம் அது கொதித்துக்கொண்டே கிடக்கும்.

இந்த முறை கெட்டதும் அந்தத் தகடுதான். மூடி மூடித்தான் இருந்தது, நான் லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் நின்றேன், திரும்பிப் பார்த்தால் குசினி ஜன்னல் முழுக்க வெள்ளை. நுவரெலியா பஜாரில் ரேடியோ, துணி தேய்க்கிற ஐயன் எல்லாம் திருத்துகிற ஒரு தம்பியிடம் கொடுத்தேன். திறந்து காட்டி, "துருப் பிடிச்சிருக்குதும்மா, உங்க ஊர் ஈரத்துக்கு இது நாலு வருஷம் இருந்ததே பெரிசு" என்றார். மாற்றித் தந்தார், அதிகம் எடுக்கவில்லை.

விடுவேனா? கோட்டைப் பற்றியும் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் நியாயமாகத்தான் இருந்தது. பழைய கேத்தல்களில் சூடாக்குகிற சுருள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், அது மூழ்கியே ஆக வேண்டும். இப்போதைய கேத்தலில் அடித்தகட்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஒரு கோப்பை ஊற்றினாலும் அந்த அடித்தகடு தண்ணீரால் மூடுபடும். ஆனாலும் தண்ணீர் கொஞ்சமாக இருந்தால், ஆவி வந்து சுவிட்சைத் தட்டாமல் விட்டுவிட்டால் சீக்கிரம் வற்றிப்போகும். அதற்கு அடியில் இன்னொரு காவல் இருக்கிறது, அது வெட்டிவிடும், ஆனால் அடிக்கடி அதற்கு வேலை கொடுக்கக் கூடாது. "ஒரு கோப்பை போட்டா உடனே வெடிச்சிராதும்மா, ஆனா கோடு கோடுதான்." ஆக, கோட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இருப்பதால் என் கோபம் குறையவில்லை.

செலவு என்று பார்த்தால் என் புலம்பல் எடுபடாது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு லீட்டரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.1 யூனிட். பத்து லீட்டருக்கு ஒரு யூனிட். நான் வீணாக்குகிறேன் என்று திட்டுகிற அந்த 300 மில்லிக்கு 0.03 யூனிட், அதை வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போக முடியாது. தனி ஆட்களுக்கு முக்கியம், மாதம் அறுபது யூனிட்டைத் தாண்டாமல் இருப்பது. தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைக் கணக்குக்குப் போய்விடும். கேத்தலால் நான் தாண்டியதில்லை. கரண்ட் ஐயனும் குளிக்கிற சுடுதண்ணியும்தான் மோசம்.

இன்னொன்று, பண்டாரவளை டீச்சர் கவனிக்க வேண்டியது. உங்களுடையதும் பழைய வீடு. 2200 வாட்டை 230 வோல்ட்டால் பிரித்துப் பாருங்கள், ஒன்பதரை அம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கிற வட்டப் பின் 5 அம்பியர் ஓட்டையில், எடப்டரை மாட்டி இதைக் கொளுவவே கூடாது. எங்கள் வீட்டில் ஆளைக் கூப்பிட்டு, தடித்த வயர் இழுத்து, சதுரப் பின் 13 அம்பியர் ஒன்று தனியாகப் போட்டோம். கேத்தலின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

மற்றபடி கழுவுகிற வேலை குறைவு. யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா மகள் தன் கேத்தலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை படிகிறது என்று தேசிக்காய் போட்டுக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறாள். அங்கே சுண்ணாம்புக் கல்லுக்கு அடியிலிருந்து வருகிற கிணற்றுத் தண்ணீர். நமக்கு ஊற்றுத் தண்ணீர், மென்மையானது. மழைக் காலத்தில் மண் கலங்கி வரும், அதற்குக் குழாயில் துணி கட்டினால் போதும்.

இப்போது அந்த மிச்சத் தண்ணீரின் கதை. முதலில் எல்லாம் சிங்கில் ஊற்றிவிடுவேன், மனசு கேட்காது. கரண்ட் வெட்டின காலத்தில் அலுமாரி மேலே கிடந்த பழைய சுடுதண்ணிப் போத்தலை, அதுதான் பிளாஸ்கை, இறக்கினேன். அன்றிலிருந்து ஒரு முறை வந்துவிட்டது. விடியக் கொதிக்கிற தண்ணீரில் முதல் கோப்பை தேத்தண்ணி. இங்கே 95 பாகைதான் என்பதால் தூளை ஒரு நிமிஷம் கூட ஊற விட வேண்டும். டஸ்ட் என்றால் உடனே சாயம் இறங்கும், கொஞ்சம் பெரிய இலை என்றால் பொறுமை வேண்டும். சீனியைப் போடாமல் கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பேன், சுகர் கிளினிக்கில் கேட்டால் சொல்ல வேண்டாம். மிச்சம் போத்தலுக்குள் போகும். எட்டு மணிக்குப் பிரஷர் குளிசை போட அதிலிருந்து கொஞ்சம். பால் கொண்டு வருகிற பிள்ளை முன்பெல்லாம் வாசலில் அளந்து ஊற்றிவிட்டு ஓடிவிடும். இப்போது சூடாகத் தண்ணீர் கையிலேயே இருப்பதால் ஒரு கோப்பை கலக்கிக் கொடுக்கிறேன், அதுவும் திண்ணையில் உட்கார்ந்து தோட்டத்துக் கதை எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறது. யாருக்குச் சம்பளத்தில் கொழுந்து நிறை வெட்டினார்கள், எந்த டிவிஷனில் சிறுத்தை நாயைத் தூக்கியது, எல்லாம் எனக்கு இப்போது பேப்பருக்கு முன்னால் தெரிகிறது. இதைக் கேத்தலின் புண்ணியக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இரவுக்கு ரப்பர் வெந்நீர்ப் பை. கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, கொஞ்சம் ஆறவிட்டு, முக்கால்வாசி நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுத் திருக வேண்டும். அதற்கு ஒன்றேகால் லீட்டருக்கு மேல் வேண்டும். அந்த ஒரு நேரம் மட்டும் நான் கோட்டைத் தேடுவதில்லை, டோர்ச்சும் தேவையில்லை, ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். மாசி மாதத்தில் வெளியே புல்லில் பனி உறைந்து கிடக்கிற இரவுகளில் காலடியில் அந்தப் பை இல்லாமல் படுக்க என்னால் முடியாது.

போன சித்திரைக்கு மகன் வீட்டுக்குப் போனபோது அங்கே 0.8 லீட்டர் சின்னக் கேத்தல் ஒன்று பார்த்தேன். கைக்கு இலேசு, கோப்பைக்கு அளவு, பக்கவாட்டில் கண்ணாடி, கோடு பளிச்சென்று சிவப்பில். நான் நாலு வருஷமாகக் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. "எடுத்துட்டுப் போங்கம்மா, பழசைத் தூக்கிப் போடுங்க" என்றான். வேண்டாம் என்றேன். வெந்நீர்ப் பைக்கு இரண்டு தடவை கொதிக்க வைக்க வேண்டி வரும், போத்தலுக்கு மிச்சம் இருக்காது, பால்காரப் பிள்ளைக்கு என்று தனியாக ஒரு தடவை. "அப்ப பெரிசு நல்லதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தான். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஆகவே டீச்சர், வாங்காதீங்க. உங்களுக்குச் சின்னது போதும், கண்ணாடி வைத்ததாகப் பாருங்க, கடையிலேயே மூடியைத் திறந்து உள்ளே கை விட்டுப் பாருங்க. இதையே வாங்கினால் கெட்டு நிற்காது, நாலு வருஷம் சும்மா ஓடும், அதற்கப்புறமும் அந்தத் தகடு மாற்றினால் திரும்ப ஓடும், ரிப்பேர் செய்த தம்பியின் கடை நம்பர் வேண்டுமானால் அனுப்புகிறேன். என்னுடையதை விற்பேனா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்க மாட்டேன். ஆனால் அந்தக் கோட்டை வெளியில் போட அவர்களுக்கு என்ன கேடு என்றுதான் இன்னும் விளங்கவில்லை.