வெள்ளைப்புள்ளிக்கு மருந்து வாங்கி 16 மீனைப் பறிகொடுத்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள்

இன்று காலை பதினாறாவது மீனையும் வலையில் எடுத்தேன். ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் 19 மீன்கள் இருந்தன. இப்போது 3. போன பணம் என் மாதச் சம்பளத்தில் கால்பங்கு. என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

வளர்ப்பு மீன், தீனி, மருந்து எல்லாம் விற்கும் ஓர் ஆன்லைன் தளம். அதில் நிறைய நட்சத்திரம் வாங்கியிருந்த ஒரு விற்பனையாளரிடம் 6 நியான் டெட்ரா வாங்கினேன். "3 வாரம் தனித்தொட்டியில வச்சுப் பார்த்துத்தான் அனுப்புறோம் சிஸ்டர், நேரா உங்க தொட்டியிலயே விடலாம்" என்றார். விட்டேன். என்னிடம் ஏற்கெனவே 9 டெட்ராவும் 4 கிளவுன் லோச்சும் இருந்தன. லோச்சுகளை ஆறு வருடமாக வளர்த்தேன். கண்ணாடியில் விரல் வைத்தால் ஓடி வரும்.

நாலாம் நாள் ஒரு புது டெட்ராவின் வாலில் உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளி. இன்னொன்று துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கல்லில் உடம்பைத் தேய்த்தது. ராத்திரி பதினொரு மணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில். எத்தனை லிட்டர் தொட்டி, என்னென்ன மீன், எப்போது தீனி போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த நேரத்தில் அப்படிப் பொறுமையாகப் பேசுகிற ஒருவரை எப்படிச் சந்தேகப்படுவது? "இது சாதாரண வெள்ளைப்புள்ளி, பயப்படாதீங்க, எங்க சொந்தத் தயாரிப்பு இருக்கு, மூணே நாள்ல போயிடும், எல்லா மீனுக்கும் பாதுகாப்பானது" என்றார். அன்றே பணம் அனுப்பினேன்.

வந்தது நீல நிறத்தில் ஒரு பாட்டில். என்ன கலந்தது என்று லேபிளில் ஒரு வார்த்தை இல்லை, காலாவதி தேதியும் இல்லை. அதை அப்போதே கேட்டிருக்கவேண்டும். சொன்ன அளவில் ஊற்றினேன். காலையில் பார்த்தால் தண்ணீரில் நீலமே இல்லை. கேட்டதற்கு, "மருந்து மீன் உடம்புல ஏறிடுச்சு சிஸ்டர்" என்றார். உண்மையில் என் ஃபில்டரில் கரி இருந்தது. கரி மருந்தை உறிஞ்சிவிடும், மருந்து போடும்போது அதை எடுத்துவிடவேண்டும். அத்தனை கேள்வி கேட்டவர் இதை மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்தன. நான் சந்தோஷத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டேன், இரண்டு வரி பாராட்டும் எழுதினேன். "போதும், நிறுத்திடலாம்" என்றார், நிறுத்தினேன்.

இந்த இடத்தைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒட்டுண்ணி. நாம் தண்ணீரில் ஊற்றும் மருந்து அங்கே அதைத் தொடாது. வயிறு நிறைந்ததும் அது தானாகவே கழன்று விழும். கல்லிலோ செடியிலோ ஒட்டி, மேலே உறை போர்த்திக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். அந்த உறையைத் தாண்டியும் மருந்து போகாது. வெளியே வரும் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாள்தான் மருந்துக்குச் சிக்கும். 25 டிகிரித் தண்ணீரில் இந்த முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் நாளாகும். ஆக, புள்ளி மறைந்தது குணமானதால் இல்லை. நோய் பெருகப் போயிருந்தது. வெறும் சாயத்தண்ணீர் ஊற்றினாலும் அந்தப் புள்ளிகள் மறைந்திருக்கும். அந்த மூன்றாம் நாளை நம்பித்தான் இவர்கள் வியாபாரம் நடக்கிறது. என்னைப் போலவே எத்தனை பேர் அன்றைக்கு நட்சத்திரம் போட்டிருப்பார்கள்!

ஐந்தாம் நாள் எல்லா மீனின் மேலும் மாவு தூவியதுபோல் வெள்ளை. செவுள் படபடவென்று அடித்தது. "ஸ்ட்ராங் பாட்டில் அனுப்புறேன், ரெண்டு மடங்கு ஊத்துங்க" என்றார். அதற்கும் பணம் கட்டினேன். ராத்திரி ஊற்றினேன், விடியும்போது லோச் நாலும் பக்கவாட்டில் கிடந்தன. லோச்சுக்குச் செதில் மிகச் சிறியது, சாதாரண அளவு மருந்தையே தாங்குவது கஷ்டம், பாதி அளவில்தான் தொடங்கவேண்டும் என்று அப்புறம்தான் படித்தேன். லோச் இருக்கிறது என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். அதன்பின் ஐந்து நாளில் டெட்ரா 12.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்க தண்ணி சரியில்ல" என்றார். "பார்சல் பிரிக்கிறப்ப வீடியோ எடுத்தீங்களா?" என்றார். அப்புறம் பதிலே இல்லை, என் செய்தியைப் பார்த்த அடையாளம் மட்டும் விழுகிறது. தளத்தில் புகார் கொடுத்தால், உயிருள்ள பொருளுக்கும் திறந்த பாட்டிலுக்கும் திருப்பித் தர வழியில்லையாம். ஒற்றை நட்சத்திரத்தோடு நான் எழுதியதை ஒரே நாளில் நீக்கிவிட்டார்கள். அந்த ஐந்து நட்சத்திரம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. சம்பளத்தில் கால்பங்கு போனது ஒரு பக்கம், என் பாராட்டைப் படித்து இன்னொருவர் இந்நேரம் வாங்கிக்கொண்டிருப்பார் என்பதுதான் தாங்கவில்லை.

விவரமாக எழுத இப்போது முடியவில்லை, மிச்சம் 3 மீனையாவது பார்க்கவேண்டும். யார் என்ன சொன்னாலும் புது மீனை 3, 4 வாரம் உங்கள் வீட்டிலேயே தனியாக வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பாட்டிலைத் தொடாதீர்கள். மருந்து போடும் முன் கரியை எடுங்கள். புள்ளி போனாலும் நிறுத்தாதீர்கள், இன்னும் ஒரு வாரமாவது தொடருங்கள். சூடு தாங்கும் மீன்தானா என்று பார்த்துக்கொண்டு, தண்ணீரை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றலாம். ஆனால் சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும், ஏர் பம்ப் ஓடியே ஆகவேண்டும். அடியில் இருக்கும் கல்லை அடிக்கடி உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள், உறைகள் அங்கேதான் கிடக்கும்.

என் ஹீட்டர் இப்போது 29 காட்டுகிறது. மூன்றில் ஒன்று இன்றைக்குத் தீனி எடுத்தது.